மண்ணுக்குள் இருக்கும் கதிர்வீச்சு – பயப்பட வேண்டியது எது, கவனிக்க வேண்டியது எது?



நம்ம சிங்கவரம் ரங்கநாதர் குடைவரைக் கோயிலுக்குப் படியேறிப் போகாதவங்க இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டீங்க. பல்லவர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செய்த கோயில் அது. பக்கத்தில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்களும் பாறையில்தான் இருக்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆக, நாம வாழுறது பாறை பூமி. இந்தப் பாறைகளின் வயசு இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல். அது உடைந்து, வெயிலிலும் மழையிலும் நைந்து உண்டானதுதான் நாம மல்லாட்டை போடுற செம்மண்.

இந்தப் பாறைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கொஞ்சம் இயற்கைக் கதிர்வீச்சு இருக்கு. இதைக் கேட்டதும் குழுக் கூட்டங்களில் பல கேள்வி வருது. "கிரானைட் கல்லு போட்டா புற்றுநோய் வருமாமே?" "போர் தண்ணியிலே யுரேனியம் இருக்குன்னு பேப்பர்ல போட்டாங்களே?" "கோயில் கலசத்துல கதிர்வீச்சு சக்தி இருக்கு, பல கோடிக்குப் போகும்னு ஒருத்தர் சொல்றாரே?" ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்ப்போம். பயத்தால் பணம் போகவும் கூடாது, அலட்சியத்தால் உடம்பு கெடவும் கூடாது.

கதிர்வீச்சு என்றால் என்ன?

அடுப்பில் சட்டி வைத்துச் சோளம் பொரிக்கிறோம். எந்தச் சோளம் எப்போ வெடிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வெடிக்குதுன்னு எண்ண முடியும். சில வகை அணுக்களும் இப்படித்தான். அவை நிலையாக இருக்காமல் ஒவ்வொன்றாக உடையும். உடையும்போது கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியே விடும். இதைத்தான் கதிரியக்கம் என்கிறோம். 1896ல் பிரான்ஸ் நாட்டு ஹென்றி பெக்கெரல் இதைக் கண்டுபிடித்தார். மேரி கியூரி அம்மையார் தன் கணவரோடு சேர்ந்து 1898ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான். 1903, 1911 என இரண்டு முறை வாங்கினார்.

ஒரு வினாடிக்கு ஒரு அணு உடைந்தால் அது ஒரு பெக்கெரல். மண்ணில் எவ்வளவு கதிரியக்கம் என்பதை "ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கெரல்" என்று சொல்வார்கள். அந்தக் கதிர் நம்ம உடம்பை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு வேற அளவு. அதன் பெயர் மில்லிசீவர்ட். சட்டியில் எத்தனை சோளம் வெடித்தது என்பது பெக்கெரல் மாதிரி. அதில் நம்ம மேல் பட்டுச் சுட்டது எவ்வளவு என்பது சீவர்ட் மாதிரி. சட்டியிலிருந்து தள்ளி நின்றால் வெடிப்பது குறையாது, ஆனா நம்ம மேல் படுவது குறையும். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

மண்ணில் இருப்பது எது?

முக்கியமானது மூன்று: யுரேனியம், தோரியம், பொட்டாசியம். இவை பூமி உண்டானதிலிருந்தே இருக்கு. இன்னும் தீராததற்குக் காரணம், இவை ரொம்ப மெதுவாக உடைவதுதான். யுரேனியத்தில் பாதி உடைய சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். தோரியத்துக்கு 1,400 கோடி ஆண்டு. பொட்டாசியத்தில் எல்லாமே கதிரியக்கம் உடையது இல்லை. பத்தாயிரம் அணுவில் ஒன்றோ இரண்டோதான் அந்த வகை.

இந்தப் பாதி கணக்கை நம்ம சேமிப்பில் வைத்துப் பார்க்கலாம். ஒரு குழுவில் 800 ரூபாய் இருக்கு. முதல் தவணைக் காலத்தில் பாதி போய் 400 ஆகுது. அடுத்த தவணைக் காலத்தில் 200. அதற்கடுத்து 100. தவணைக் காலம் சில நாளா, பல கோடி ஆண்டா என்பது ஒவ்வொரு பொருளுக்கும் மாறும்.

உலகம் முழுவதும் மண்ணை அளந்து ஐ.நா. அறிவியல் குழு சொன்ன சராசரி இது: ஒரு கிலோ மண்ணில் யுரேனிய வகை சுமார் 35 பெக்கெரல், தோரியம் சுமார் 30, பொட்டாசியம் சுமார் 400. கருங்கல் பாறையில் மற்ற பாறைகளைவிட இவை பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்றோம். நாம வயலுக்குக் கையால் வீசுகிற பொட்டாஷ் உரம் ஒரு கிலோவில் சுமார் 15,000 பெக்கெரல் இருக்கு. நம்ம உடம்புக்குள்ளேயே பொட்டாசியத்தால் சுமார் 4,000 பெக்கெரல் இருக்கு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் கீரையிலும் இருக்கு. பொட்டாசியம் இல்லாமல் இதயம் துடிக்காது. அதனால "கதிரியக்கம் இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே பயப்படாதீங்க. "எது? எவ்வளவு? எந்த வழியா உடம்புக்குள் போகுது?" என்று கேளுங்க.

மண்ணை எப்படி அளக்கிறாங்க?

சும்மா ஒரு மெஷினைக் கையில் பிடித்து "டிக் டிக்" சத்தம் கேட்டு முடிவு சொல்றது சரியான மண் பரிசோதனை ஆகாது. ஆய்வுக்கூடத்தில் நடப்பது இப்படி:

1. ஆள் நடமாட்டம், உரம், கட்டட இடிபாடு இல்லாத இடத்தைத் தேர்வு செய்வாங்க. மேலே உள்ள புல், வேர், கல்லை நீக்குவாங்க. பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து ஒன்றாகக் கலப்பாங்க. நம்ம வேளாண்மைத் துறைக்கு மண் பரிசோதனைக்கு எடுப்பது போலத்தான்.

2. மண்ணை வெயிலில் காய வைத்து, பிறகு சுமார் 110 டிகிரி சூட்டில் ஈரம் போக உலர்த்துவாங்க. ஈரம் இருந்தால் எடை தப்பாகும், கணக்கும் தப்பாகும். பிறகு பொடித்துச் சலிப்பாங்க.

3. சலித்த மண்ணை எடை போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து சுமார் ஒரு மாதம் சும்மா வைப்பாங்க. ஏன் தெரியுமா? யுரேனியம் உடைந்து உடைந்து ரேடியம் ஆகும். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு வரும். மண்ணைக் காய வைத்துச் சலிக்கும்போது இந்த வாயு தப்பித்துப் போயிடும். டப்பாவில் அடைத்த பிறகு மறுபடி சேரும். ரேடானின் பாதிக் காலம் 3.8 நாள். 28 நாள் ஆனால் 99 சதவீதத்துக்கு மேல் சேர்ந்துவிடும். அதுக்கு முன்னாடி அளந்தால் குறைவாகக் காட்டும்.

4. பிறகு டப்பாவை, சுற்றிலும் தடிமனான ஈயச் சுவர் உள்ள கருவிக்குள் வைப்பாங்க. ஈயம் வெளியிலிருந்து வரும் கதிரைத் தடுக்கும். உள்ளே சோடியம் அயோடைடு படிகமோ, ஜெர்மானியத்தால் ஆன உணர்கருவியோ இருக்கும். ஜெர்மானியக் கருவியைத் திரவ நைட்ரஜனால் கடும் குளிரில் வைத்திருப்பாங்க. பல மணி நேரம் எண்ணிக்கை ஓடும்.

5. ஒவ்வொரு பொருளும் விடும் கதிருக்குத் தனித்தனி சக்தி உண்டு. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போல, அந்தச் சக்தியை வைத்து இது பொட்டாசியம், இது தோரியம், இது யுரேனிய வகை என்று பிரிப்பாங்க. காலி டப்பாவையும் தனியாக அளந்து அந்த எண்ணிக்கையைக் கழிப்பாங்க. தராசில் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதில்லையா, அது போல.

மூன்றையும் அப்படியே கூட்ட முடியாது, ஏன்னா மூன்றின் வீரியமும் வேற வேற. தோரியத்தை 1.43 ஆல் பெருக்கணும். பொட்டாசியத்தை 0.077 ஆல் பெருக்கணும். உலக சராசரி மண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம்: 35 + (30 × 1.43) + (400 × 0.077). அதாவது 35 + 43 + 31 = 109. கட்டுமானப் பொருளுக்கு உலக அளவில் பயன்படுத்தும் வரம்பு 370. ஆக சராசரி மண் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பல கல்லூரிகள் செய்திருக்கு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் நம்ம மாவட்டம் வழியாக ஓடும் தென்பெண்ணை உட்படப் பல ஆறுகளின் மணலை அளந்தாங்க. ஏலகிரி மலை மண்ணை அளந்த ஆய்வு 2012ல் வெளிவந்தது. நாம கேட்டால் விளக்கம் சொல்லக்கூடியவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்காங்க.

கயிற்றில் ஒட்டிய மணல் சொன்ன கதை

தமிழ்நாட்டில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பகுதி. அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தேங்காய் நார்க்கயிறு ஏற்றுமதி ஆச்சு. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் என்ற தாது இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கும். அந்தத் தோரியத்துக்கு அப்போ பெரிய கிராக்கி. திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு மாட்டுவோமே, மேன்டில், அது பளிச்சென்று எரிய தோரியம் தேவைப்பட்டது. இன்று மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் மணலிலிருந்து தாது பிரிக்கிறது.

இதே மணல் கேரளத்தில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இருக்கு. அங்கே சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை கதிர்வீச்சு உண்டு. (கிரே என்பதும் உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் ஒரு அளவுதான். இந்த வகைக் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் கிட்டத்தட்ட ஒன்று.) பரம்பரை பரம்பரையாக மக்கள் அங்கே வாழ்றாங்க. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்தது. அதில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஆனால் கதிர்வீச்சு கூடக் கூட நோயும் கூடுகிறது என்று அந்தக் கணக்கில் தெரியவில்லை. இந்த முடிவு 2009ல் வெளியானது.

இதை வைத்துக் "கதிர்வீச்சே ஒண்ணும் செய்யாது" என்று சொல்லக் கூடாது. அதிக அளவுக் கதிர்வீச்சு புற்றுநோயைக் கூட்டும் என்பது உறுதியான விஷயம். அதனாலதான் மருத்துவமனையிலும் அணு நிலையத்திலும் கட்டுப்பாடு வைத்திருக்காங்க. கருநாகப்பள்ளி நமக்குச் சொல்வது வேற: கொஞ்சம் கூடுதலான மண் கதிர்வீச்சைக் கேட்டு ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை, நிலத்தை வந்த விலைக்கு விற்க வேண்டியதும் இல்லை.

நம்ம உடம்புக்கு எந்த வழியா வருது?

உலக சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்:

– மூச்சில் போகும் ரேடான் வாயு: சுமார் 1.26
– மண், பாறை, சுவர்: சுமார் 0.48
– வானத்திலிருந்து: சுமார் 0.39
– உணவு, தண்ணீர்: சுமார் 0.29

பார்த்தீங்களா? மண்ணைத் தொடுவதாலோ, களை எடுப்பதாலோ வருவது சின்னப் பங்கு. பாதிக்கு மேல் வருவது காற்று வழியாக. அதனால நாம கவனிக்க வேண்டிய இடம் வீட்டுக்குள் காற்று.

கவனிக்க வேண்டியது 1: வீட்டில் காற்றோட்டம்

ரேடானுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். திறந்த வெளியில் கலைந்து போயிடும். மூடிய அறையில் தேங்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலை. அதற்கடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்று ரேடான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்கு கூடும்.

நம்ம பழைய வீட்டில் முற்றம் இருந்தது, ஓட்டுச் சந்தில் காற்று வந்தது. இப்போ கான்கிரீட் வீடு கட்டி, கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து ஜன்னலை மூடியே வைக்கிறோம். வீடு கட்டக் கடன் வாங்கும் உறுப்பினர்கள் எதிரெதிர் ஜன்னல் வைக்கச் சொல்லுங்க. கொசுவலை அடித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. தரை விரிசலைச் சிமெண்ட் பூசி அடைங்க. காற்றோட்டம் இருந்தால் விறகு அடுப்புப் புகையும் வெளியே போகும். அந்தப் புகை தினமும் நம்ம நுரையீரலைக் கெடுக்குது. ஒரே ஜன்னலில் இரண்டு லாபம்.

சமையல் மேடைக்குக் கிரானைட் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஒரு பலகைக் கல்லிலிருந்து வருவது ரொம்பக் குறைவு. காற்றோட்டம் இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது 2: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்

பாறைக்குள் பல நூறு அடி ஆழத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரில் யுரேனியம் கரைந்து வரலாம். தண்ணீரில் உள்ள யுரேனியத்தால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். அது கதிர்வீச்சால் அல்ல, யுரேனியம் ஒரு கன உலோகம் என்பதால். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். பாறைத் தண்ணீரில் புளோரைடும் வரலாம். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரேடான் வாயுவும் போகும். ஆனா யுரேனியமும் புளோரைடும் போகாது. ஆர்.ஓ. கருவி இவற்றைப் பெருமளவு குறைக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த பரிசோதனைப் பெட்டியில் புளோரைடு பார்க்கலாம். யுரேனியம் பார்க்க முடியாது, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஊராட்சி மூலம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தைக் கேட்கணும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்க.

கவனிக்க வேண்டியது 3: கல் குவாரித் தூசி

குவாரியிலும் ஜல்லி கிரஷரிலும் வேலை பார்க்கும் சகோதரிகளே, இதை நல்லா கேளுங்க. கருங்கல்லின் கதிர்வீச்சைவிட அதன் தூசிதான் உங்களுக்கு எமன். கல்லில் உள்ள சிலிக்கா தூசி மூச்சில் போய் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் நோய் வரும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் சுலபமாகத் தொற்றும். முந்தானையால் மூக்கை மூடினால் மெல்லிய தூசி நிற்காது. தண்ணீர் தெளித்துக் கல் உடைக்கணும், தூசிக்கான முகக்கவசம் முதலாளி தரணும். தொடர் இருமல், மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டரிடம் "நான் கல் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லுங்க. சொல்லாவிட்டால் வெறும் காசநோய் மருந்தோடு முடிந்துவிடும். சிலிக்கோசிஸ் சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில்சார் நோய். இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

கவனிக்க வேண்டியது 4: இரிடியம் மோசடி

"கலசத்தில் இடி விழுந்து இரிடியம் ஆயிடுச்சு, அரிசியை இழுக்குது, கதிர்வீச்சு சக்தி, விஞ்ஞானி வந்து டெஸ்ட் பண்ண பணம் வேணும், பங்கு போட்டால் கோடி கிடைக்கும்" – இது முழுக்க முழுக்கப் பித்தலாட்டம். இதை ரைஸ் புல்லிங் என்றும் சொல்றாங்க. இடி விழுந்து செம்பு இரிடியம் ஆகாது. இயற்கையில் கிடைக்கும் இரிடியத்துக்குக் கதிரியக்கமே கிடையாது. அரிசி நகர்வது இரும்புத்தூளும் காந்தமும் வைத்துச் செய்யும் வித்தை. அணு உலையில் செயற்கையாகச் செய்யும் ஒரு வகை இரிடியம் உண்டு. அது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் பயன்படுது. அதை யாரும் மஞ்சப் பையில் வைத்து விற்க முடியாது.

2025ல் கூட இரிடியம் பெயரில் பணம் வாங்கிய கும்பலைத் தமிழ்நாடு சி.பி.சி.ஐ.டி. போலீஸ் கைது செய்தது. உடம்பில் கவச உடை, கையில் மெஷின், ரிசர்வ் வங்கி முத்திரை என்று எதைக் காட்டினாலும் நம்பாதீங்க. இதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டால் கொடுக்காதீங்க. 100க்கு போன் பண்ணுங்க. செல்போன் வழியாகப் பணம் போயிருந்தால் உடனே 1930.

எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை

கர்ப்பிணிக்குச் செய்யும் வயிற்று ஸ்கேன் ஒலி அலையால் செய்வது. அதில் கதிர்வீச்சு இல்லை. பயப்படாமல் செய்யுங்க. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் கதிர்வீச்சு உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே ரொம்பக் குறைவு. சி.டி. ஸ்கேன் பல மடங்கு அதிகம். டாக்டர் தேவை என்று சொன்னால் எடுத்துக்கொள்ளணும், நாமாகக் கேட்டு எடுக்கக் கூடாது. நாள் தள்ளியிருந்தால் எடுப்பதற்கு முன்பே சொல்லிடணும்.

புற்றுநோய்க்கு மண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டு, பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பைவாய், மார்பகப் பரிசோதனை இலவசம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். வெட்கத்தால் தள்ளிப் போடாதீங்க, குழுவாகச் சேர்ந்து போங்க.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

– நம்ம குழுவில் எத்தனை வீட்டில் படுக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை?
– நாம குடிக்கும் போர் தண்ணீர் கடைசியாக எப்போ பரிசோதிக்கப்பட்டது? ரிப்போர்ட் ஊராட்சியில் இருக்கா?
– கல் வேலைக்குப் போகும் உறுப்பினர் எத்தனை பேர்? அவங்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை ஆச்சா?
– 30 வயது தாண்டிய உறுப்பினர்களில் யார் யார் இன்னும் பரிசோதனை செய்யவில்லை? எந்தத் தேதியில் போகலாம்?

எழுதப் படிக்கத் தெரிந்த சகோதரிகள் இதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்க. முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.